‘கோமாளிகள்’: எள்ளாத நகை

ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் இரங்கற்பாக்களாகவே முடிந்துவிடுகின்றன. முதலீடு போதவில்லை, தொழில்நுட்பம் வளரவில்லை, தென்னிந்தியப் படங்களின் போட்டியை எதிர்கொள்ள இயலவில்லை என்பன அவற்றின் பல்லவியாகும். இவை பொய்யல்ல. ஆயின், இந்த இரக்கத்தின் நடுவே மக்கள் மனம்விட்டுச் சிரித்த படமும் ஒன்று இருந்தது என்பதையும், அவர்கள் ஏன் சிரித்தனர் என்பதையும் எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை. 1976ஆம் ஆண்டு வெளிவந்த ‘கோமாளிகள்’ அத்தகைய படம். எஸ். ராம்தாசின் கதையை எஸ். இராமநாதன் நெறிப்படுத்தினார். இப்படத்தின் சுவை யாது, அச்சுவைக்கு மதிப்பு உண்டா என்பதே ஈண்டு எழும் வினா.

1962இல் ‘சமுதாயம்’, 1963இல் ‘தோட்டக்காரி’ எனத் தொடங்கிய இலங்கைத் தமிழ்த் திரை, 1970களிலேதான் சற்று நிமிர்ந்து நின்றது. ‘குத்துவிளக்கு’ (1972), ‘புதிய காற்று’ (1975), ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) ஆகியன அப்பத்தாண்டின் படங்கள். இவை சமூகப் பிரச்சினைகளையோ காதலையோ கனத்த குரலிற் பேசின. ‘கோமாளிகள்’ மட்டும் வேறு வாயிலால் நுழைந்தது. அவ்வாயில் வானொலி. இலங்கை வானொலியிலே நேயர்கள் விரும்பிக் கேட்ட ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்னும் தொடர் நாடகமே திரைவடிவம் பெற்றது. முகம் அறியாது குரலை மட்டும் அறிந்திருந்த மக்கள், அக்குரல்களின் முகங்களைக் காணவே திரையரங்குக்குச் சென்றனர்.

அக்குரல்கள் நான்கு. முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்காராக எஸ். ராம்தாசும், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாக ரி. ராஜகோபாலும், சிங்களவர் ஒருவரின் தமிழைப் பேசும் உபாலியாக எஸ். செல்வசேகரனும், பிராமணத் தமிழ் பேசும் ஐயராக பி. எச். அப்துல் ஹமீதும் நடித்தனர். தென்னிந்தியப் படங்களில் நகைச்சுவைப் பாத்திரம் பெரும்பாலும் கதாநாயகனின் தோழனாக வந்து, கதைக்கு இளைப்பாறுதல் தந்து நீங்கிவிடும். இங்கோ கோமாளிகளே படத்தின் பெயர். அவர்களே அதன் மையம். கூத்து மரபில் அரசன் செந்தமிழிற் பாட, கட்டியக்காரன் ஊர்ப்பேச்சிற் கதைப்பான். ‘கோமாளிகள்’ அந்தக் கட்டியக்காரனை அரியணையில் இருத்திற்று எனலாம்.

ஒருவரது பேச்சைப் போலச்செய்து சிரிப்பூட்டுவது கலைகளுள் எளியது. எளியதாதலின் இழிவுக்கும் அணியது. பட்டணத்தார் கிராமத்தார் பேச்சையும், பெரும்பான்மையோர் சிறுபான்மையோர் பேச்சையும் பழித்துச் சிரித்த வரலாறு எம்மொழியிலும் உண்டு. எனவே, ‘கோமாளிகள்’ நகைப்பது பேச்சை மட்டுமா, பேசுவோரையுமா என்று கேட்பது கடனாகும்.

இவ்விடத்துத் தொல்காப்பியர் துணை நிற்கின்றார். மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கை அவர் வகுத்துள்ளார். இவற்றுள் எள்ளல் ஒன்றே பிறரைத் தாழ்த்துவதாற் பிறப்பது. ஏனைய மூன்றும் மனிதரின் வெள்ளைத்தனத்திலும் அறியாமையிலும் தோன்றுவன. ‘கோமாளிக’ளின் நகை பெரும்பாலும் இப்பின்னவற்றையே சார்ந்தது. மரிக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் ஐயரும் ஒருவரையொருவர் சரிவர விளங்கிக்கொள்ளாமலே நண்பர்களாக இருப்பவர்கள். எவர் பேச்சும் மற்றவர் பேச்சை அளக்கும் கோலாக அமையவில்லை. ‘சரியான தமிழ்’ பேசி மற்றையோரைத் திருத்தும் ஐந்தாமவர் ஒருவர் அந்த நால்வர் கூட்டில் இல்லை. அளவுகோல் இல்லாதவிடத்து எள்ளலுக்கும் இடமில்லை.

இதனினும் முக்கியமானது பாத்திரப் பகிர்வு. மரிக்காராகியவர் முஸ்லிம் அல்லர். ஐயராகியவர் முஸ்லிம். உபாலியாகியவர் தமிழர். தன் பேச்சையே மேடையேற்றிப் பிறர் பேச்சைப் பழிப்பவனின் நகை ஒருவகை. பிறன் பேச்சைத் தன் நாவிற் சுமந்து அதன் நெளிவுசுளிவுகளைப் பழகியவனின் நகை மற்றொருவகை. பின்னதற்குக் கூர்ந்த செவி வேண்டும். ‘வாப்பா’, ‘உம்மா’ என்னும் சொற்களை அவற்றுக்குரிய இழைவோடும், ‘அவா’, ‘இவா’ என்பனவற்றை அவற்றுக்குரிய ஏற்ற இறக்கத்தோடும் சொல்ல வேண்டுமாயின், அவ்வீடுகளின் திண்ணையிலேனும் சிலகாலம் இருந்து கேட்டிருத்தல் வேண்டும். அன்பில்லாத செவிக்கு அது கைகூடாது.

சிங்களவரின் தமிழ் இன்னுமொரு நுட்பத்தை உணர்த்துவது. சிங்களப் பேச்சுமொழியில் வினைச்சொல் எழுவாய்க்கேற்ப மாறுவதில்லை; நான், நீ, அவன் என்னும் மூன்றற்கும் ஒரே வினைவடிவம் போதும். தமிழிலோ போகிறேன், போகிறாய், போகிறான் என விகுதி வேறுபடும். எனவே சிங்களவர் தமிழ் பேசும்போது விகுதி தடுமாறுகின்றது. கேட்போருக்கு அது நகை. ஆயினும் அத்தடுமாற்றம் அறிவின்மையன்று. ஓர் இலக்கணம் இன்னோர் இலக்கணத்தின் வீட்டுக்கு விருந்து வந்து, எங்கே அமர்வதென்று தெரியாமல் நிற்கும் நிலையே அது. சிங்களம் பேச முயலும் தமிழரின் நிலையும் அதுவே.

ஈழத்திலே பேச்சுத்தமிழ் கலையிற் புகுந்தது எளிதாக நிகழவில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ‘நானாடகம்’ (1940) முதலிய நூல்களிலே யாழ்ப்பாணப் பேச்சை மேடைக்குரியதாக்கினார். இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ அதனை வானொலிக்குக் கொணர்ந்தது, கா. சிவத்தம்பி அதில் நடித்துப் புகழ் பெற்றார். 1960களில் பேச்சுவழக்கை ‘இழிசனர் வழக்கு’ எனப் பண்டிதர் சிலர் ஒதுக்க, முற்போக்கு எழுத்தாளர் எதிர்த்து நின்றனர். அப்போர் அறிஞரிடையே நடந்தது. பாமர மக்களிடையே அதே வழக்கை வென்றுகொடுத்தவை, கொள்கை எதுவும் பேசாத இத்தகைய நகைச்சுவை நாடகங்களே.

குறைகளும் உண்டு. ‘கோமாளிகள்’ கண்ணினும் செவிக்கே மிகுதியாக உரியது. வானொலியிற் பிறந்த நகைச்சுவை சொல்லை நம்பி வாழ்வது. திரையிலோ காட்சியும் பேசுதல் வேண்டும். சாப்ளினின் நகை சொல்லின்றியே உலகை வலம்வந்தது. இந்நகையோ இந்நாட்டுச் செவிகளுக்கு அப்பாற் செல்வதரிது. மேலும், முதன்மை பெற்ற நால்வருள் மலையகத் தொழிலாளிக்கும் மட்டக்களப்பாருக்கும் இடமில்லை. நால்வரும் ஆடவர். ஒருமைப்பாட்டின் சின்னமாக ஒரு படத்தைப் போற்றுமுன், அவ்வொருமையினின்று விடுபட்டோரையும் எண்ணுதல் நேர்மையாகும்.

எனினும், இந்த இனிய நகையின் பெறுமதியைக் காலமே உணர்த்திற்று. படம் வெளிவந்த அதே 1976ஆம் ஆண்டு மே மாதத்திலேயே வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. மறு ஆண்டு கலவரம் வெடித்தது. 1983 ஜூலை 24ஆம் நாள், யாழ்ப்பாணத்திற் கொல்லப்பட்ட இராணுவத்தினர் பதின்மூவரை அடக்கஞ்செய்வதற்காகப் பொரளைக் கனத்தை மயானத்திற் கூட்டம் கூடியது. அன்றிரவு பொரளையில் மூண்ட தீ கொழும்பெங்கும் பரவிற்று. ஹெந்தளையில் இருந்த கே. குணரத்தினத்தின் விஜயா கலையகமும் அந்நாட்களில் எரிந்தது. வீதிகளில் மறிக்கப்பட்டோர் தமிழரா என்பதை அறிய, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை உச்சரிக்குமாறு பணிக்கப்பட்டனர். அச்சொல்லின் முதலொலி தமிழ் நாவுக்கு எளிதில் வசப்படாதது. ஏழாண்டுகளின் முன் திரையரங்கில் நகை விளைத்த அதே நாத்தடுமாற்றம், வீதியில் உயிரின் விலையாயிற்று.

‘கோமாளிகள்’ போன்ற படங்கள் கலவரத்தைத் தடுத்திருக்கும் என எவரும் கூறார். கலைக்கு அத்தகைய ஆற்றலை ஏற்றிக் கூறுவது மிகை. ஆனால், நாவின் வேறுபாட்டை நோக்க இருவழிகள் உண்டென்பதை இப்படம் காட்டுகின்றது. ஒன்று, வேறுபாட்டைக் கண்டு இவன் யாரெனப் பிரித்தறிவது. மற்றையது, வேறுபாட்டைக் கேட்டு மகிழ்ந்து, அதனைத் தன் நாவிலும் ஏற்றுப் பார்ப்பது. ‘கோமாளிகள்’ இரண்டாவது வழியைத் தெரிந்தது. அதனைச் சுவைத்தோரும், தாம் அறியாமலே, அவ்வழியிற் சிலமணி நேரம் நடந்தனர்.

அந்நடையின் தடம் பெயர்களில் எஞ்சியுள்ளது. செல்வசேகரன் 2012இலும் ராம்தாஸ் 2016இலும் மறைந்தனர். மக்கள் அவர்களை நினைவுகூர்ந்தது ‘உபாலி’ செல்வசேகரன், ‘மரிக்கார்’ ராம்தாஸ் என்றே. ஒரு தமிழர் சிங்களப் பெயரையும், மற்றொருவர் முஸ்லிம் பெயரையும் தம் பெயரின் முன்னே சூடி இறுதிவரை வாழ்ந்தனர். அப்பெயர்களை அவர்களுக்கு வழங்கியது எந்தச் சட்டமுமன்று. சிரித்த மக்களே வழங்கினர். ஈழத்துத் திரையின் சாதனைகளைக் கணக்கிடுவோர் இதனையும் அக்கணக்கிற் சேர்த்தல் தகும்.