இல்லாத காருக்கு ஓர் அறை

கச்சிராயபாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பலர் கல்வராயன் மலைக்காரர்கள். சந்தைச் சாமானோடும் ஆஸ்பத்திரிச் சீட்டோடும் நின்று, 'வெள்ளிமலை வண்டி போயிடுச்சா?' என்று கேட்கிறார்கள். இவர்களை மனதில் வைத்துத்தான் 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை வாசிக்கிறேன்.

மாநிலம் முழுமைக்குமான பிரதி அது. கட்டடத்தின் பயன்பாட்டையும் பரப்பையும் வைத்து, இத்தனை வாகனங்களுக்கு இடம் விடு என்கிறது. ஒரு காருக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். கார் உள்ளே வந்து திரும்பும் வழி தனி. 2016இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச வீடு 25 சதுர மீட்டர். இரண்டு கார் நிற்கும் இடத்தில் ஒரு குடும்பம் சமைத்து, படுத்து, பிள்ளை வளர்த்துவிடலாம் என்பதுதான் அரசின் அளவுகோல். இந்தப் பிரதி கட்டமைக்கும் 'குடிமகன்' காரோடு பிறந்தவன்.

'இடம் விடலன்னா வண்டியெல்லாம் ரோட்டுலதானே நிக்கும்?' என்றார் நண்பர். நியாயமான கேள்விதான். ஆனால் தெருவில் இலவசமாக நிறுத்தலாம் என்றால் உள்ளே யார் விடுவார்கள்? இலவச நிறுத்தத்தின் செலவை, காரில்லாதவரும் வாடகையாகவும் கடைச் சாமான் விலையாகவும் கட்டுகிறார் என்று டொனால்டு ஷூப் 2005இல் ஒரு நூல் முழுக்க வாதிட்டார். 2017இல் அமெரிக்காவின் பஃபலோ நகரம் இந்தக் குறைந்தபட்ச விதியைக் கைவிட்டது. அதே ஆண்டு மெக்சிகோ நகரம் அதை நீக்கி உச்சவரம்பு வைத்தது. வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்றுதான் நம்முடைய 2006 தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் சொன்னது. கொள்கை மனிதரைப் பேசுகிறது, விதி காரை அளக்கிறது.

அதற்காக பஃபலோவை இங்கே நகலெடுத்தாலும் தீராது. மிச்சமான இடத்துக்காகக் கட்டடக்காரர் வாடகையைக் குறைப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. பஸ்ஸை நம்ப முடியாத ஊரில் கடன் வாங்கியாவது வண்டி வாங்குவது ஆடம்பரமல்ல, பயம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல காரியம். ஆனால் வராத பஸ்ஸில் கட்டணமில்லாததால் யாருக்கு என்ன லாபம்?

ஆகவே நாம் கேட்க வேண்டியது மூன்றும் சேர்ந்தது: ஒழுங்காக பஸ் ஓடட்டும், ஓடும் இடத்தில் கார் விதி தளரட்டும், தெருவில் நிறுத்துகிறவர் காசு கொடுக்கட்டும். வரைபடத்தில் காருக்குக் கோடு போடச் சொல்கிறவர்கள், பஸ் நிறுத்தம் எத்தனை அடி தூரம் என்றும் கேட்கட்டும்.