பாஸ்கரதாஸ்: தேசியக் கவியா, நாடக வாத்தியாரா?

மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) பற்றி யார் எழுதினாலும் இரண்டே வரிதான் வரும். ஒன்று, 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்'க்குப் பாட்டு எழுதியவர். இரண்டு, காந்தியைப் பாடிய தேசியக் கவி. ரெண்டுமே உண்மைதான். ஆனா இந்த ரெண்டு வரியும் சேர்ந்து ஆளையே மறைச்சிடுதுன்னு எனக்குப் படுது.

முதலில் 'காளிதாஸ்'. சமஸ்கிருத மகாகவியின் கதையில் டி.பி. ராஜலக்ஷ்மி காந்தியின் ராட்டினத்தைப் புகழ்ந்து பாடுகிறார். சினிமா வரலாறு எழுதுபவர்கள் இதை ஒரு வேடிக்கையாகவே சொல்லிவிட்டுப் போவார்கள். கதைக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இல்லையே என்று. அன்றைய ஸ்பெஷல் நாடகம் எப்படி நடந்தது என்று பார்த்தால் இதில் வேடிக்கை ஒன்றுமே இல்லை. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரே கம்பெனி ஆட்கள் இல்லை. ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் மேடையில் சந்திப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரிந்த வள்ளி திருமணமோ பவளக்கொடியோதான். அதனால் பாட்டு நாடகத்துக்குச் சொந்தமில்லை, நடிகருக்குச் சொந்தம். அவர் எந்த ஊருக்குப் போனாலும் அதைக் கையோடு கொண்டு போவார். அப்படிக் கழற்றி மாட்டக்கூடிய பாட்டு எழுதிக் கொடுப்பதுதான் வாத்தியார் வேலை. சினிமா வந்ததும் அதே பழக்கம் அப்படியே திரைக்கும் போச்சு, அவ்வளவுதான்.

அரசியலும் இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்தது. 1876-ஆம் வருடச் சட்டப்படி ஆட்சேபகரமான நாடகத்தைத் தடை செய்யலாம். ஆனா முருகன் வள்ளியைக் கட்டிக்கிற கதையை எதைச் சொல்லித் தடை பண்றது? அதனால் போலீஸ் பாடினவரைப் பிடித்தது. விஸ்வநாததாஸ் பலமுறை சிறைக்குப் போனார். பஞ்சாப் படுகொலை பற்றி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு மேடை மேடையாகப் பரவியதற்கும் காரணம் இந்த அமைப்புதான். பாட்டின் வீரியம் மட்டுமே காரணம் என்று எழுதுவது பாதி உண்மை.

கிராமபோன் வேறொரு கட்டுப்பாடு. 78 வேகத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான். எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் மாதிரி குரல்கள் மேடையில் ஒரு வரியை எவ்வளவு நேரமும் இழுக்கலாம், தட்டில் முடியாது. எளிய சொல், தெரிந்த மெட்டு, சட்டென்று பிடிபடும் பல்லவி எல்லாம் அங்கே தேவை. அவர் பாட்டைப் பாரதி பக்கத்தில் வைத்து, கவித்துவம் குறைவு என்று மார்க் போடுபவர்கள் இதை யோசிப்பதில்லை. அது படிக்க எழுதினது இல்லைங்க, பாட எழுதினது.

அவருடைய நாட்குறிப்புகளைப் பேரன் முருகபூபதி தொகுத்துப் புத்தகமாக்கியது எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். தாத்தாவைப் பற்றிப் பேரன் எழுதினா வழக்கமா புகழ்மாலைதான் மிஞ்சும். இவர் தாத்தாவின் கையெழுத்தையே நம் முன்னால் வைத்துவிட்டார். முருகபூபதி நாடகக்காரர். அதனால் நாடகக்காரனின் அன்றாடம் எவ்வளவு பெரிய ஆவணம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாட்டு எழுதுவது என்பது பயணம், ஆட்கள், வேலை என்று நாள்தோறும் ஓடிய ஒரு பிழைப்பு என்பதை நாட்குறிப்பு என்கிற வடிவமே காட்டிவிடுகிறது.

இதற்குப் பிறகும் கட்டுரைகளில் தேசியப் பாட்டுகளை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம். பக்திப் பாட்டும் காதல் பாட்டும் எழுதிய அதே கைதான் காந்தி பாட்டையும் எழுதியது. ஒரே ராத்திரி, ஒரே மேடை, அதே டிக்கெட் வாங்கின ஜனம். மற்றதை வெட்டிவிட்டால் காந்தி பாட்டு யார் காதில் எப்படி விழுந்தது என்பதே தெரியாமல் போகும். அவர் பாட்டைத் தொகுப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த நாடகம், எந்தக் கட்டம், யாருக்காக, என்ன மெட்டு என்று தெரிந்தவரை குறித்தால் போதும். தியாகிப் பட்டம் அதற்குப் பிறகு வரட்டும்.