கேபிளா, வைஃபையா? போனையும் கணினியையும் இணைக்கும் வழிகள்: ஒரு நேரடி சோதனை

'ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது' என்று போன் புலம்ப ஆரம்பித்தால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: பழைய வீடியோக்களைத் தேடிப் பிடித்து அழிப்பது. அழித்த இடம் சீக்கிரமே திரும்ப நிரம்பிவிடும். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2024 முதல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் பேக்கப்பும் அதே கணக்கில் சேர்கிறது. மாதாமாதம் சந்தா கட்ட மனமில்லாதவர்கள், போனைக் கணினியோடு இணைத்து வேண்டியதை இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு இன்று அரை டஜன் வழிகள் உண்டு. நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன் ஒன்று, விண்டோஸ் 11 லேப்டாப், வீட்டு வைஃபை ஆகியவற்றை வைத்து ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன். ஓர் ஐபோனையும் சேர்த்துக்கொண்டேன். எல்லா வேலைக்கும் பொருந்தும் ஒரே வழி எதுவும் இல்லை. எந்த வேலைக்கு எது சரி என்று மட்டும் சொல்ல முடியும்.

கேபிள்: பழசுதான், ஆனாலும் முதலிடம்

'கேபிளைச் செருகினேன், கணினியில் ஒன்றும் தெரியவில்லை' என்பது எல்லோரும் சொல்லும் புகார். பாதுகாப்புக்காக ஆண்ட்ராய்டு போன் முதலில் சார்ஜ் மட்டுமே ஏற்றிக்கொள்ளும். திரையின் மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து, யுஎஸ்பி என்று இருக்கும் வரியைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போன் லாக் ஆகியிருந்தால் ஃபோல்டர் காலியாகத் தெரியும், அன்லாக் செய்யுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். மலிவு விலைக் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் போகும் கம்பிகள் மட்டுமே இருக்கும், டேட்டா போகும் கம்பிகள் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வேறு கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் ஒரே பரிசோதனை.

வேகத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே, அதனாலேயே வேகம் வந்துவிடாது. பட்ஜெட் போன்கள் பலவற்றில் உள்ளே ஓடுவது இன்னும் யுஎஸ்பி 2.0 தான். ஏட்டுக் கணக்கில் அது நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. நடைமுறையில் 30 முதல் 40 எம்பி கிடைத்தால் நல்லது. 50 ஜிபி படங்களை இறக்க அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த போனிலும் இதைக் கவனிக்க வேண்டும். ஐபோன் 15 டைப்-சிக்கு மாறினாலும் அதன் வேகம் யுஎஸ்பி 2.0 தான். 15 புரோ 10 ஜிகாபிட் வரை போகும், ஆனால் பெட்டியோடு வரும் கேபிள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. வேகமான கேபிளைத் தனியாக வாங்க வேண்டும்.

பென் டிரைவைச் செருகினால் தனி டிரைவாக வருகிறது, போன் ஏன் அப்படி வருவதில்லை? ஆரம்பகால ஆண்ட்ராய்டில் அப்படித்தான் வந்தது. அப்போது மெமரி கார்டு மொத்தமும் கணினியின் வசம் போய்விடும், இணைப்பைத் துண்டிக்கும் வரை போனால் அதைத் தொட முடியாது. 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 இதற்குப் பதிலாக எம்டிபி என்ற முறையைக் கொண்டுவந்தது. பாட்டு கேட்கும் கையடக்கக் கருவிகளை மனதில் வைத்து மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய முறை அது. அலமாரிப் பக்கம் ஆளை விடாமல், சீட்டு எழுதிக் கொடுத்தால் புத்தகத்தை எடுத்துத் தரும் நூலகம் போன்றது. ஸ்டோரேஜ் போனின் பொறுப்பிலேயே இருக்கும், கணினி ஒவ்வொரு ஃபைலாகக் கேட்டு வாங்கும். ஆயிரக்கணக்கான படங்கள் கொண்ட ஃபோல்டரைத் திறந்தால் முகவரிப் பட்டையில் முன்னேற்றக் கோடு ஊர்ந்துகொண்டே இருப்பது அதனால்தான். படத்தை அங்கேயே எடிட் செய்து சேமிக்கவும் முடியாது. காப்பி செய்து கொண்டுவந்த பிறகே எதுவும் செய்யலாம்.

காப்பி என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறேன்: 'கட்' வேண்டாம். பாதியில் கேபிள் அசைந்தால் இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் ஃபைல் போய்விடக்கூடும். காப்பி செய்து, கணினியில் நாலைந்து வீடியோக்களை ஓட்டிப் பார்த்து, எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போனில் அழியுங்கள்.

இடத்தை விழுங்குவது எது?

கேமரா படங்கள் 'டிசிஐஎம்' ஃபோல்டரில் இருக்கும். ஆனால் பல போன்களில் அதைவிடக் கனமான ஃபோல்டர் வாட்ஸ்அப்புடையது. ஆண்ட்ராய்டு 11 வந்த பிறகு அது கொஞ்சம் உள்ளே போய்விட்டது: 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் 'காம் டாட் வாட்ஸ்அப்', அதற்குள் 'வாட்ஸ்அப்', அங்கே இன்னொரு 'மீடியா'. படம், வீடியோ, ஆடியோ, டாக்குமென்ட் என்று எல்லாம் தனித்தனி ஃபோல்டர்களாகப் பிரிந்திருக்கும்.

இங்கேதான் கணினியின் பெரிய திரை கைகொடுக்கிறது. 'வாட்ஸ்அப் வீடியோ' ஃபோல்டரைத் திறந்து, 'டீடெய்ல்ஸ்' பார்வைக்கு மாற்றி, 'சைஸ்' என்ற தலைப்பைச் சொடுக்கினால் பெரியவை மேலே வரிசைகட்டும். சித்தப்பா அனுப்பிய முழு நீளக் கல்யாண வீடியோவும், மூன்று குழுக்களில் மூன்று முறை வந்த அதே காமெடிக் காட்சியும் உடனே தெரிந்துவிடும். 'வாட்ஸ்அப் இமேஜஸ்' ஃபோல்டரில் ஐகான்களைப் பெரிதாக்கினால் காலை வணக்கப் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம். உள்ளேயே 'சென்ட்' என்ற ஃபோல்டர் ஒன்று இருக்கும். நீங்கள் அனுப்பியவற்றின் நகல்கள் அதில் சேர்கின்றன. நீங்களே போனின் கேமரா ஆப்பில் எடுத்து அனுப்பிய படமென்றால் அசல் கேமரா ஃபோல்டரில் இருக்கும், எனவே இந்த நகலைத் தயங்காமல் அழிக்கலாம்.

வாட்ஸ்அப் படங்களைக் கணினிக்கு மாற்றும்போது அவற்றின் பெயரை மாற்றாதீர்கள். எப்போது, எங்கே எடுத்தது என்று கேமரா படத்துக்குள் பதிவாகியிருக்கும் தகவலை வாட்ஸ்அப் நீக்கிவிடுகிறது. மிஞ்சுவது ஃபைல் பெயரில் இருக்கும் தேதி மட்டும்: 20240115 என்று இருந்தால் 2024 ஜனவரி 15-ம் தேதி வந்தது என்று பொருள். பெயரை மாற்றினால் அந்தத் தடயமும் போய்விடும்.

குவிக் ஷேர்: நாலு படத்துக்குக் கேபிள் எதற்கு?

கூகுளின் நியர்பை ஷேர் 2023-ல் விண்டோஸுக்கு வந்தது. 2024 ஜனவரியில் சாம்சங்கின் குவிக் ஷேரோடு ஒன்றாகி அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. லேப்டாப்பில் ஒருமுறை நிறுவிவிட்டால் போதும். போனில் படங்களைத் தேர்ந்தெடுத்து, ஷேர் பட்டனைத் தொட்டு, லேப்டாப்பின் பெயரைத் தொட வேண்டும். இரண்டிலும் புளூடூத்தும் வைஃபையும் ஆன் ஆகியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வதைப் போலப் படம் சுருங்காது, அசல் தரத்திலேயே வரும். ஆனால் கணினியில் உட்கார்ந்துகொண்டு போனின் ஃபோல்டர்களை மேய முடியாது. போனிலிருந்து அனுப்பினால்தான் உண்டு. பத்து இருபது ஃபைலுக்கு அருமை, பத்தாயிரத்துக்கு ஒத்துவராது.

லோக்கல்சென்ட்: சத்தமில்லாத கெட்டிக்காரன்

சோதித்தவற்றில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது இந்த ஆப்தான். இலவசம், ஓப்பன் சோர்ஸ். கணக்குத் தொடங்க வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று எல்லாவற்றிலும் ஓடும். ஐபோனிலிருந்து விண்டோஸுக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பத் திண்டாடுபவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழியை நான் பார்க்கவில்லை. திறந்தவுடன் ஒவ்வொரு கருவிக்கும் ஏதாவது ஒரு பழம் அல்லது காய்கறியின் பெயரைத் தானாகவே சூட்டிவிடும். பக்கத்தில் தெரியும் பெயரைத் தொட்டால் அனுப்பலாம், எதிர்ப்பக்கம் 'ஏற்கவா' என்று கேட்கும்.

வீட்டில் வைஃபை இல்லையா? போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் சேருங்கள். இந்தப் பரிமாற்றம் இரண்டுக்கும் இடையில் மட்டுமே நடப்பதால் உங்கள் டேட்டா பேக் கரையாது. லேப்டாப் பின்னணியில் அப்டேட் இறக்கத் தொடங்கினால் மட்டும் கரையும், மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். குறை என்று பார்த்தால், விண்டோஸ் ஃபயர்வால் தடுத்தால் கருவிகள் ஒன்றையொன்று காணாது. ஹாஸ்டல், ஹோட்டல் வைஃபைகளிலும் பல நேரம் இதே கதைதான்.

போன் லிங்க்: நிர்வாகத்துக்கு அல்ல, வசதிக்கு

மைக்ரோசாஃப்டின் இந்த ஆப் 2018-ல் 'யுவர் போன்' என்று வந்து, 2022-ல் பெயர் மாறியது. விண்டோஸ் 11-ல் ஏற்கெனவே இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். எஸ்எம்எஸ்ஸைக் கணினி கீபோர்டில் டைப் செய்யலாம், ஓடிபியைப் போனைத் தொடாமலேயே பார்க்கலாம், புளூடூத் வழியாக அழைப்புகளையும் பேசலாம். நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உண்மையிலேயே உதவி. ஆனால் படங்களில் சமீபத்திய 2,000 மட்டுமே காட்டும். போனின் ஆப்களை அப்படியே கணினித் திரையில் திறக்கும் வசதி சாம்சங் போன்ற சில பிராண்டுகளின் குறிப்பிட்ட மாடல்களுக்குத்தான். பேக்கப் எடுக்க இதை நம்ப வேண்டாம்.

ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு

ஐபோனை விண்டோஸில் செருகினால் படங்கள் மட்டுமே தெரியும். காப்பி செய்யும்போது, 'இணைக்கப்பட்ட கருவி இயங்கவில்லை' என்ற பொருளில் பிழைச் செய்தி வந்து பாதியில் நின்றுவிடுவது பலருக்கும் நடக்கிறது. ஐபோன் தன் படங்களை அந்த நேரத்திலேயே ஜேபெக்காக மாற்றித் தர முயல்வதால் வரும் வினை இது. செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் அடியில் 'மேக் அல்லது பிசிக்கு மாற்று' என்ற இடத்தில் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று வைத்துவிடுங்கள். ஆனாலும் ஒரு விஷயத்தில் ஐபோன் முந்துகிறது. 'ஆப்பிள் டிவைசஸ்' ஆப் மூலம் ஏறக்குறைய மொத்தப் போனையும் கணினியில் பேக்கப் எடுக்கலாம். பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்தால் சேமித்த பாஸ்வேர்டுகளும் உடல்நலத் தகவல்களும்கூடச் சேரும். ஆண்ட்ராய்டில் கேபிளுக்கு அப்படி ஒரு பொது வசதி இல்லை.

மேக் கணினி ஆண்ட்ராய்டு போனைத் தானாக அடையாளம் காணாது. அதற்காகக் கூகுள் தந்த ஆப்பும் 2024-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்எம்டிபி அந்த இடத்தை நன்றாக நிரப்புகிறது.

கேபிளில் வராதவை

தொடர்பு எண்கள் எந்த ஃபோல்டரிலும் கிடைக்காது. காண்டாக்ட்ஸ் ஆப்பில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து விசிஎஃப் ஃபைலாக்கி, பிறகு காப்பி செய்ய வேண்டும். தமிழில் பெயர் சேமித்திருப்பவர்கள் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்தால் பதறிப்போவார்கள். 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் சமன்குறிகளும், ஈ0, ஏஈ என்ற துண்டுகளுமாக நீண்ட வரி ஒன்று கிடக்கும். ஃபைல் கெடவில்லை. தமிழ் எழுத்துகளை அப்படிக் குறியீடாக்கித்தான் அது சேமிக்கிறது, வேறு போனில் ஏற்றினால் பெயர் சரியாக வந்துவிடும். எக்செல்லில் பார்க்க நினைத்தால் கூகுள் காண்டாக்ட்ஸ் தளத்திலிருந்து சிஎஸ்வியாக இறக்கி, நேராக இரட்டைச் சொடுக்கு போடாமல், 'டேட்டா' மெனு வழியாக 65001 யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள். தமிழ் தமிழாகவே இருக்கும்.

வாட்ஸ்அப் உரையாடல்கள் 'டேட்டாபேசஸ்' ஃபோல்டரில் இருக்கின்றன, கடைசி ஏழு நாள் பேக்கப் வரை. காப்பி செய்து வைக்கலாம், கணினியில் படிக்க முடியாது. அது பூட்டப்பட்ட ஃபைல், அதே எண்ணில் வாட்ஸ்அப்பை மறுபடி நிறுவும்போதுதான் பயன்படும். படிக்க வேண்டும் என்றால் அந்த உரையாடலுக்குள் போய் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுங்கள்.

திரை உடைந்த போனிலிருந்து ஃபைல்களை எடுக்க, முதலில் ஓடிஜி இணைப்பான் வழியாக ஒரு மவுஸைச் செருகிப் பாருங்கள். டச் செத்திருந்தாலும் அம்புக்குறி வரும், அன்லாக் செய்து வைஃபை வழியாக ஃபைல்களை அனுப்பலாம். திரையே இருண்டுவிட்டால் இது உதவாது.

ஒரு எச்சரிக்கை

ஜெராக்ஸ் கடையில் ஓர் ஆதார் பிரிண்டுக்காகப் போனைக் கேபிளில் செருகி ஃபைல் டிரான்ஸ்ஃபர் கொடுத்தால், திறப்பது மொத்த ஸ்டோரேஜும். அந்த ஒரு ஃபைலை மட்டும் மெயிலில் அனுப்பி, பிரிண்ட் வந்ததும் அழிக்கச் சொல்லுங்கள். கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குப் போய் உடனே வெளியேறுங்கள். 'அழிந்ததை ஒரே சொடுக்கில் மீட்போம்' என்று, கணினிக்குப் போன்மீது கூடுதல் அதிகாரம் தரும் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யச் சொல்லும் கட்டண மென்பொருள்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

தீர்ப்பு

மொத்தமாக இறக்கவும் சுத்தம் செய்யவும் கேபிள்தான். அன்றாடம் நாலு ஃபைல் மாற்ற, ஆண்ட்ராய்டும் விண்டோஸும் வைத்திருந்தால் குவிக் ஷேர். ஐபோன், லினக்ஸ் என்று கலவையாக இருந்தால் லோக்கல்சென்ட். கணினியை விட்டு எழாமல் செய்தி படிக்கப் போன் லிங்க். இறக்கிய படங்களை லேப்டாப்பில் மட்டும் வைத்தால் அது பேக்கப் ஆகாது, வெளி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி அவசியம். இந்த நான்கு வழிகளில் எதற்கும் காசு கட்ட வேண்டாம். டேட்டா போகும் நல்ல கேபிள் ஒன்று இருந்தால் போதும், தனியாக 'போன் மேனேஜர்' மென்பொருள் எதையும் வாங்கத் தேவையில்லை.