நெய்தல் நிலத்து இறப்பும் நமது திறனாய்வும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், முதலாம் வருட மாணவர்க்குக் குறுந்தொகையின் 269ஆம் பாடலை விளக்கிக்கொண்டிருந்தேன். கல்லாடனார் பாடிய நெய்தற் பாடல் அது. சுறாமீன் தாக்கியதால் ஏற்பட்ட புண் ஆறியதும் தலைவியின் தந்தை மறுபடியும் கடலுக்குச் சென்றுவிட்டான். தாய் உப்புக் கொடுத்து நெல் மாற்றிவர உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். வீட்டில் காவல் இல்லை. இவ்வேளையில் வந்தால் தலைவியைக் காண்பது எளிது என்று தலைவனிடம் போய்ச் சொல்ல ஒரு தூது கிடைத்தால் நன்றாயிருக்கும். இதுவே பாடலின் பொருள். வழக்கம்போல் திணை, துறை, கூற்று ஆகியவற்றைக் கூறி, தலைவியின் ஆற்றாமை எத்துணை நயமாகப் புலப்படுத்தப்பட்டுள்ளது என்று சொல்லி முடித்தேன்.

புத்தளம் மாவட்டத்தின் எத்தாளையைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்து, புண் ஆறும்வரை அந்த வீட்டில் சோற்றுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர் நடைவழியில் அவர் கூறியதைக் கேட்டபோதுதான் அக்கேள்வியின் கனம் புலப்பட்டது. அவருடைய மாமா ஒருவர் கடலட்டைக்குச் சுழியோடியவர். ஒருநாள் மேலே வந்தவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மூன்றாண்டு பாயிற் கிடந்து இறந்தார். மரணப் பதிவில் இடம்பெற்றது சிறுநீரக நோய். தொழில் அவரைக் கொன்றது என்பதற்கு எழுத்தில் எந்தச் சான்றும் இல்லை.

அம்மாணவரின் கேள்வியை ஒரு திறனாய்வுக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, கடலில் நிகழும் தொழில்சார் இறப்பை நமது இலக்கியமும், இலக்கியத்தைப் படிக்கும் முறையும், அவற்றோடு கூடவே நமது சட்டமும் எவ்வாறு நோக்கியுள்ளன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பது நாம் அனைவரும் மனனஞ் செய்த இலக்கணம். ஆனால் யாருக்காக, யார் இரங்குவது என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. பிரிந்த தலைவனுக்காகத் தலைவி இரங்குகிறாள். அதற்குக் கடல், கழி, புன்னை, நாரை யாவும் துணைநிற்கின்றன. அதே கடலில் இறங்கி உடல் சிதைந்தவன் பின்னணியாகி விடுகிறான். 269ஆம் பாடலில் தந்தையின் புண், தலைவன் வருவதற்கு வாய்ப்பானதொரு சந்தர்ப்பமாகவே உரைகளிற் கொள்ளப்பட்டு வந்துள்ளது. இதில் புலவர்மீது குற்றங் கூறுவதற்கில்லை. புலவர் புண் ஏற்பட்டதைச் சொன்னார். அது ஆறியதைச் சொன்னார். ஆறியவுடன் அவன் அதே கடலுக்கே திரும்பினான் என்றுஞ் சொன்னார். அவன் திரும்பிய காரணத்தையும் அடுத்த அடிகளிலேயே வைத்துள்ளார்: உப்பு விற்றால்தான் நெல். குடும்பத்தின் பொருளாதாரம் முழுவதும் அச்சிறு பாடலில் அடங்கிக் கிடக்கிறது. அதைக் காணாதவர்கள் உரையாசிரியரும் அவர்வழி வந்த நாமுமே.

நவீன புனைகதைக்கு வரும்போது இப்பார்வைக் குறை மேலுஞ் சிக்கலாகிறது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ (1956) சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழ் வாசகரிடையே நன்கு வேரூன்றிய நாவல். கரையில் மனைவி கற்புடன் இருந்தாற்றான் கடலில் கணவன் பிழைப்பான் என்ற நம்பிக்கையை அச்சாகக் கொண்டு அது சுழல்கிறது. கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் ஒன்றுசேரும் இரவிலேயே பழனி சுறாவோடு போராடிச் சுழியில் மறைகிறான். நாவலைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை இவ்விறுதியைக் காதலின் அவலமாகவோ, தொன்மத்தின் வெற்றியாகவோ, தொன்மத்தின்மீதான விமரிசனமாகவோ கொள்கின்றன. ஆனால் நாவலினுள்ளேயே வேறொரு காரணத் தொடர் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. மனைவியைப் பற்றிய அவதூறு பரவியதும் தோழர்கள் பழனியைத் தம்மோடு தோணியில் ஏற்றிக்கொள்ள மறுக்கிறார்கள். ஆகவே அவன் தனியனாகச் சிறு தோணியில் தூண்டிலோடு போகிறான். பெருஞ்சுறா தூண்டிலில் மாட்டும்போது துடுப்புப் பிடிக்க மற்றொரு கை இல்லை. கயிற்றை அறுத்துவிடு என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவனைக் கொன்றது கரையிலிருந்த மனைவியின் ஒழுக்கமன்று. தனியே தொழிலுக்குச் செல்லும்படி அவனைத் தள்ளிய கூட்டு விலக்கமே. இன்றைய தொழிற்பாதுகாப்பு விசாரணையாளர் எவரும் முதலிற் கேட்கக்கூடிய கேள்வி, அவர் ஏன் தனியாகப் போனார் என்பதாகவே இருக்கும்.

தகழி இதை அறிந்தே எழுதினாரா என்று கேட்கலாம். அறிந்தே எழுதினார் என்றே நான் கருதுகிறேன். செம்பன்குஞ்சின் பேராசை, கடன், தோணியின் உரிமை ஆகியவற்றை அத்துணை நுணுக்கமாகக் கவனித்தவர் இதைக் கவனியாதிருக்க முடியாது. எனினும் முடிவில் அவர் தொன்மத்துக்கே இடங்கொடுத்தார். அதன் கவர்ச்சியில், காரண காரியத் தொடர் வாசகரின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பழி பெண்மீது விழுகிறது. கடற்கரைக் கிராமங்களில் இன்றும் ஒரு படகு திரும்பாதபோது முதலில் ஆராயப்படுவது விதவையின் நடத்தையாக இருப்பதுண்டு என்பதை நினைக்கையில், இது அழகியல் மட்டுஞ் சார்ந்த குறையன்று.

தமிழில் வந்த நெய்தல் நாவல்கள் இவ்விடயத்தில் ஒருபடித்தானவை அல்ல. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) வள்ளத்துக்கும் லாஞ்சிக்கும் இடையிலான மோதலை, அதாவது உற்பத்திக் கருவி மாறும்போது உறவுகள் முறிவதை, மென்மையாகக் காட்டுகிறது. நம் நாட்டின் செங்கை ஆழியான் எழுதிய ‘வாடைக்காற்று’ (1973) பருவகாலத்தில் வாடியடித்துத் தொழில் செய்ய வருவோரின் வாழ்வைப் பேசுகிறது. கற்பிட்டிக் கரைக்கும் அந்த வாடி வாழ்க்கை அந்நியமானதன்று. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) கடலில் தத்தளிக்கும் மூவரை நடுவில் நிறுத்தி, ஆமந்துறை என்ற ஊரின் அரை நூற்றாண்டுக் கதையைச் சொல்கிறது. கடலறிவின் செறிவில் அதற்கிணையான தமிழ் நாவல் வேறில்லை எனலாம். ஆயினும் அங்கே இறப்பு தியாகத்தின் ஒளியைப் பெறுகிறது. தியாகம் பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் தியாகம் தேவைப்படாதபடி அவர்களைக் கரைசேர்த்திருக்கக் கூடியது எது என்ற எண்ணம், அவ்வொளியின் முன்னே வாசகருக்கு எழுவதில்லை.

இலக்கியத்திலுள்ள இக்கண்ணோட்டம் சட்டத்திலும் உண்டு என்பதே நான் அழுத்திக் கூற விரும்புவது. எத்தாளை அமைந்துள்ள கற்பிட்டிக் குடாநாட்டின் ஒருபுறம் மன்னார் வளைகுடா, மறுபுறம் புத்தளம் களப்பு. இடையே மணற்பாங்கான நிலத்தில் மரக்கறித் தோட்டங்கள். அதே குடாநாட்டில்தான் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நிற்கிறது. அம்மின் நிலையத்தின் வேலிக்குள் ஒருவர் உயரத்திலிருந்து விழுந்தால், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் அவரைக் காண்கிறது. பரிசோதிக்கும் பொறியியலாளர் உள்ளே செல்லலாம், ஏன் என்று கேட்கலாம். வேலிக்கு அப்பால், அதே நாளில், பதினெட்டடிக் கண்ணாடியிழைப் படகொன்று கவிழ்ந்தால் அச்சட்டத்துக்கு அது புலப்படாது. அது தொழிற்சாலை அன்று. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமோ இறந்த பின்னர் கணக்குத் தீர்ப்பது. அதுவும் முதலில் வேலை கொள்வோனைத் தேடுவது. சம்மாட்டியின் படகில் பங்குக்குப் போகிறவன் தொழிலாளியா, கூட்டாளியா? இலாபம் பிரிக்கும்போது அவன் பங்கு சிறிது; ஆபத்தைப் பிரிக்கும்போது முழுப் பங்கும் அவனுடையது.

இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. பிரித்தானியாவின் 1906ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டமே, பிடிபட்ட மீனின் வருவாயிற் பங்கு பெறும் படகுத் தொழிலாளரை வெளிப்படையாக விலக்கிவைத்தது. ஒரு நூற்றாண்டு கழிந்து, 2007இல் சர்வதேச தொழில் தாபனம் நிறைவேற்றிய 188ஆம் இலக்கச் சமவாயமே பங்குக்குத் தொழில் செய்வோரையும் ‘மீனவர்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். மீன்பிடித் தொழிலில் ஆண்டுதோறும் 24,000 பேர் இறக்கின்றனர் என்று அத்தாபனம் 1999இல் மதிப்பிட்டிருந்தது. 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு ஒரு இலட்சத்துக்கும் மேல் என்றது. இறப்பு நான்கு மடங்காகப் பெருகிவிட்டது என்று இதற்குப் பொருளன்று. எண்ணப்படாதோர் எத்தனை பேர் என்பதையே இவ்வேறுபாடு காட்டுகிறது.

2013ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஏப்பிரல் 24ஆந் திகதி வங்காளதேசத்தின் சாவார் என்னுமிடத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டது; கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை நிறுத்திக்கொண்டது; தைப்பவர்கள் மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பப்பட்டனர். ஒரு மாதத்துள், ஐரோப்பிய ஆடை வணிகர்களைச் சட்டரீதியாகக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை உருவாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் பரிசோதிக்கப்பட்டன. ஏனெனில் இறந்தவர் தைத்த சட்டையில் ஒரு பெயர்ச்சீட்டு இருந்தது. அதே ஆண்டு யூன் 8ஆந் திகதி நமது தென்மேற்குக் கரையில் வீசிய புயலில் 50க்கும் மேற்பட்ட மீனவர் இறந்தனர். உரிய வேளையில் எச்சரிக்கை கிட்டவில்லை என்று கரையோர மக்கள் குமுறினர். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 2011 நவம்பரில், தென்கரைப் புயலின்போதும் அதே குமுறல் எழுந்திருந்தது. மீனின்மீது பெயர்ச்சீட்டு இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி, கேரளக் கரைகளைத் தாக்கியபோது, எச்சரிக்கை வருமுன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த பலர் திரும்பவில்லை. உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கொள்ளச் சான்றுச் சட்டம் கோரும் ஏழாண்டுக் காத்திருப்பைத் தளர்த்திய பின்னரே அங்குள்ள அரசுகளால் அக்குடும்பங்களுக்கு உதவ முடிந்தது.

கடலைப் பரிசோதிக்க முடியுமா, புயலுக்குச் சட்டம் உண்டா என்று கேட்போர் உளர். மீனவரே உயிர்காப்பு அங்கி அணிய மறுக்கிறார்கள் என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். அங்கி வெயிலிற் புழுங்கும், வலை இழுக்கத் தடையாகும் என்பது உண்மையே. அப்படியாயின் இழுக்கத் தடையாகாத அங்கியை அமைப்பது யாருடைய கடமை? ஐசுலாந்தின் கடல் நமது கடலைவிடப் பன்மடங்கு கொடியது. அங்கே 1985இல் கடற்றொழிலாளர்க்கென உயிர்காப்புப் பயிற்சிப் பள்ளி தொடங்கி, பின்னர் அப்பயிற்சியைக் கட்டாயமாக்கினர். 2008இல், அந்நாட்டுக் கப்பற்றொழிலாளர் ஒருவரும் கடலில் இறக்காத முதலாவது ஆண்டு பதிவாயிற்று. கடல் மாறவில்லை.

நமது அரசுக்கும் படகைக் கண்காணிக்கும் ஆற்றல் இல்லாமலில்லை. 2015 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியம், முறையற்ற மீன்பிடியைக் காரணங்காட்டி, நமது மீனை வாங்க மறுத்தது. உடனே ஆழ்கடல் செல்லும் பலநாட் கலங்களிற் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. 2016 யூனில் தடை நீங்கியது. மீனுக்காக அக்கருவி வந்தது என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. மனிதனுக்காக அதற்கு முன்னரே ஏன் வரவில்லை என்பதே கேள்வி. எத்தாளை போன்ற கரைகளிலிருந்து அன்றாடம் சென்று திரும்பும் சிறு படகுகளோ அவ்வேற்பாட்டுக்கு வெளியே நின்றன.

மாணவரின் மாமாவுக்கு நேர்ந்தது இன்னுந் தெளிவான விடயம். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திற் கரைகிறது. விரைந்து மேலெழுந்தால் அது குமிழிகளாகப் பிரிந்து முண்ணாணைத் தாக்குகிறது. படிப்படியாக மேலெழ வேண்டிய நேரங்களின் அட்டவணையை ஹால்டேனும் அவருடன் பணியாற்றியோரும் 1908இலேயே வெளியிட்டுவிட்டனர். நூறாண்டுக்கு மேற்பட்ட அறிவு இது. ஒரே நாளில் பல சிலிண்டர்களைத் தீர்க்கும் சுழியோடிக்கு அந்த அட்டவணையை யாரும் காட்டவில்லை; காட்டும்படி யாரையும் எச்சட்டமும் நெருக்கவில்லை. வீட்டில், கடல் முறித்துப்போட்டது என்றார்களாம். நமது நெய்தல் விரிவுரைகளில் நாமும் ஏறக்குறைய இதையேதான் சொல்லி வருகிறோம்.

அவ்வாண்டுப் பரீட்சையில் 269ஆம் பாடலின் நயத்தை விளக்குமாறு கேட்டிருந்தேன். அம்மாணவர் விடைத்தாளின் முதற் பக்கத்தில், சுறா தாக்கிய காயம் ஆற எத்தனை கிழமை செல்லும், அக்காலத்தில் மூவர் உண்ண எவ்வளவு நெல் வேண்டும், அதற்கு அந்தத் தாய் எத்தனை நடை உப்புச் சுமந்திருப்பாள் என்று கணக்கிட்டு எழுதியிருந்தார். இறைச்சிப் பொருளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. புள்ளித் திட்டத்தில் அதற்கு இடமிருக்கவில்லை. முழுப் புள்ளி வழங்கினேன். இரண்டாம் பரீட்சகர் காரணங் கேட்டு எழுதிய குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.