நூறு அறைகளும் ஒரு நடைவழியும்

பல்லினமக்கள் ஒருங்கே வாழும் நாட்டில் வேற்றுமையைப் போற்றும் ஒளிப்படங்களுக்குக் குறைவில்லை. சீனர், மலாய்க்காரர், இந்தியர் தத்தம் மரபுடை அணிந்து தோளோடு தோள் நின்று சிரிக்கும் படங்களை நாம் அடிக்கடி காண்கிறோம். அவை நல்லெண்ணத்தைக் காட்டுகின்றன. வாழ்க்கையைக் காட்டுகின்றனவா என்பதே கேள்வி. பண்டிகை உடையை மடித்து வைத்த மறுநாளும் அவர்கள் அண்டை வீட்டாரே அல்லரோ?

ஜெர்மானிய ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் உல்ஃப் (1954–2019) ஹாங்காங்கில் எடுத்த '100 x 100' என்னும் படத்தொகுதி இக்கேள்விக்கு விடை காணத் துணை செய்கிறது. 1953ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு செக் கிப் மெய் குடிசைப் பகுதியில் மூண்ட தீ ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீடற்றவராக்கியது. அதன்பின் அவ்விடத்தில் எழுந்ததே செக் கிப் மெய் குடியிருப்பு. பழைய கட்டடங்கள் இடிக்கப்படுவதற்குச் சற்று முன்னர், 2006இல், உல்ஃப் அங்கே நூறு அறைகளைப் படமெடுத்தார். ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ நூறு சதுர அடி.

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பகுப்பை அறிந்த நமக்கு இப்படங்களின் நுட்பம் எளிதில் விளங்கும். நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள் நூறு படங்களிலும் ஒன்றே. வேறுபடுவது கருப்பொருள்: கட்டில், மின்விசிறி, நாட்காட்டி, தொங்கும் துணிகள், அடுக்கிய பெட்டிகள். அவற்றின் நடுவே அவ்வறையில் வாழ்பவர். பொருள்களைக் கொண்டே அவர்தம் தனிமையையும் பற்றையும் சிக்கனத்தையும், அதாவது உரிப்பொருளை, நாம் உணர்கிறோம். அகப்பாடலின் தலைமக்களைப் போலவே இவர்களுக்கும் பெயர் வேண்டியதில்லை.

இங்கு வாழ்ந்தவருள் மிகப் பெரும்பாலோர் சீனர். எனினும் ஓர் அறையைப் போல் மற்றோர் அறை இல்லை. வேற்றுமை என்பது இனங்களுக்கு இடையே மட்டுமன்று, ஒரே இனத்தாரின் அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னும் உண்டு என்பதே இத்தொகுதி உணர்த்தும் உண்மை.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருத்தல் இயலாது. படக்கருவி வாயிலுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. அக்கட்டடங்களின் தொடக்க ஆண்டுகளில் குழாயும் கழிப்பிடமும் பொதுவாகவே இருந்தன. சமையலும் வீட்டு வாயிலை ஒட்டிய நடைவழியில் நடந்தது. அயலார் உறவினராயதும் பூசலிட்டதும் அங்கேதான். அந்த நடைவழி இத்தொகுதியில் இல்லை. நூறு திணைகளைக் காண்கிறோம், திணைமயக்கத்தைக் காணவில்லை.

இக்குறை நமக்கொரு பாடமாகும். சிங்கப்பூரில் 1989ஆம் ஆண்டு முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் ஒவ்வோர் இனத்தாருக்கும் விகித வரம்பு உண்டு. சட்டம் கதவுகளை அருகருகே வைத்தது; கதவைத் திறந்து வைப்பது மனிதர் செயல். நடைவழியில் துளசித்தொட்டியும் ஊதுபத்திக் கலமும் அடுத்தடுத்து இருப்பதையும், தாழ்வாரத்தில் மிதிவண்டி வைக்க இருவர் விட்டுக்கொடுத்து இடம் காண்பதையும் பதிவு செய்யும் படமே நமக்கு வேண்டும்.

மாணவர்களே, அடுத்தமுறை படமெடுக்கும்போது அண்டை வீட்டாரைச் சிரிக்கச் சொல்லாதீர்கள். அவர்கள் வாயிலில் சற்று நேரம் நின்று பேசுங்கள். படம் தானே வரும்.