சவுக்குத் தோப்பா, மணல்மேடா?

கோவளம் தாண்டி ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போனால் கடல் பக்கம் சவுக்குத் தோப்புகள் தெரியும். "சுனாமி வந்தா இது தடுக்கும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதற்கு ஆதாரம் என்ன என்று தேடினேன்.

அடிக்கடி காட்டப்படுவது 2005-ல் வந்த கதிரேசன், ராஜேந்திரன் ஆய்வு. பரங்கிப்பேட்டைப் பகுதியின் 18 மீனவக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, தரை உயரம், கடலிலிருந்து தூரம், தாவரப் பரப்பு மூன்றும் உயிரிழப்பைக் குறைத்தன என்றார்கள். அடுத்த வருடமே கெர், பேர்ட், கேம்பல் அதே தரவை மறுபடி கணக்குப் போட்டார்கள். உயரத்தையும் தூரத்தையும் கழித்தால் தாவரத்தின் பங்கு மிஞ்சவே இல்லை. அப்படியில்லை, அலையாத்தி உதவியது என்று சொன்ன இன்னொரு மறுகணக்கும் வந்தது. 18 புள்ளிகளை வைத்து இதைத் தீர்க்க முடியாது என்பதே என் வாசிப்பு. கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊருக்கு முன்னால் மரம் வளர இடமும் அதிகம்தானே? எது காப்பாற்றியது என்று எப்படிப் பிரிப்பது?

என் குறை ஆய்வாளர்கள் மேல் இல்லை. சேற்றில் வளரும் அலையாத்தியைப் பற்றிய முடிவை, மணலில் நட்ட சவுக்குக்கு நாம் தூக்கிக் கொடுத்துவிட்டோம். சவுக்கு இந்தக் கரையின் மரமே இல்லை. அடும்பும் ராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டில் அதை நட்டால், பங்குனி ஆமை முட்டையிடும் இடம் சுருங்குகிறது. 2010-ல் ஃபீகின், கார்த்திக் சங்கர் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை இந்த 'உயிர்க்கவச' மோகத்தை நேரடியாகவே விமர்சித்தது.

மணல்மேடு என்ன செய்கிறது? முதலில், அதுவே உயரம். கெர் குழுவின் கணக்கில் தாக்குப்பிடித்த காரணிகளில் ஒன்று அதுதான். அடுத்து, மழைநீரை உறிஞ்சி, உப்புநீருக்கு மேல் நன்னீரை மிதக்க வைக்கிறது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம்: மேலே 1 மீட்டர் இறங்கினால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறும். இதே கரையில், நெம்மேலியில், 2013 முதல், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுள்ள ஆலையில், கரண்ட் செலவழித்துக் கடல்நீரைக் குடிநீராக்குகிறோம்.

இயற்கைவழித் தீர்வுகள் பற்றிய அறிக்கைகளில் பலன்களை வரிசையாக அடுக்குவார்கள். எல்லாப் பலனும் ஒரே இடத்தில், ஒரே மரத்தில் கிடைக்குமா என்று கேட்பவர் குறைவு. சுனாமி எப்போதாவது வரும், மழை வருசா வருசம் வரும். மணல்மேட்டைச் சமன் செய்து வீடு கட்டிவிட்டு, ஓரத்தில் நாலு வரிசை சவுக்கு நட்டால் கணக்கு நேராகாது.