நான்கு தட்டு

காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் செம்மேடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலை பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் இடம் கிடைத்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடிப்பார். மறுபக்கம் தெரியாது. பதில் ஹாரன் வருகிறதா என்று காது ஒரு நொடி காத்திருக்கும். அதற்குள் கை ஸ்டியரிங்கை ஒடிக்கத் தொடங்கியிருக்கும். பனி இறங்கிய ஒரு காலையில், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் புலப்படாத நேரத்தில், அந்த மனிதர் வண்டியை ஏற்றிய அழகைப் பார்த்துக்கொண்டே போனேன். எந்த வளைவில் எவ்வளவு ஒடிக்க வேண்டும் என்ற கணக்கு அவர் தோளில் இருந்தது. அப்போது எனக்கு நினைவுக்கு வந்தவர் காஞ்சனமாலா பாண்டே. மகாராஷ்டிரத்து அமராவதிக்காரர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், உலகப் போட்டியில் தங்கம் வென்ற நீச்சல்காரர்.

இவரைப் போன்றவர்களைப் பற்றி எழுதும்போது, 'பார்வை இல்லாமலேயே சாதித்தார்' என்பதோடு நம் பத்திரிகைகள் பேனாவை மூடிவிடுகின்றன. ஒரு பாடகரைப் பற்றி எழுதுகிறவர் அவர் பட்ட கஷ்டத்தை மட்டும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அன்றைக்கு அவர் என்ன ராகம் எடுத்தார், எங்கே நிரவல் செய்தார் என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டால் பாடகருக்கு அது மரியாதையா? பார்வையற்றோர் நீச்சலுக்கு இலக்கணம் உண்டு, நுட்பம் உண்டு. அதை ரசிக்கத் தெரிந்துகொள்வதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் நியாயம்.

போட்டியில் பார்வைக் குறைபாட்டுக்கு மூன்று பிரிவுகள்: எஸ் 11, எஸ் 12, எஸ் 13. இதில் எஸ் 11 என்பது பார்வை அறவே இல்லாதவர்களுக்கும், கிட்டத்தட்ட இல்லாதவர்களுக்கும். எல்லாருக்கும் ஒரே இருட்டு இருக்க வேண்டும் என்பதால் கறுப்பு பூசிய கண்ணாடி கட்டாயம். பந்தயம் முடிந்ததும் அதிகாரி அதை வாங்கிப் பார்ப்பார். குளத்தின் நீளம் 50 மீட்டர், லேன் அகலம் 2.5 மீட்டர். இரு பக்கமும் மிதவைகள் கோத்த கயிறு.

ஒருநாள் ஆள் குறைவான நேரமாகப் பார்த்து, ஓரத்து லேனில் கண்ணை மூடிக்கொண்டு நீந்திப் பார்த்தேன். எட்டாவது வீச்சில் தோள் கயிற்றில் இடித்தது. திருத்திக்கொண்டு நீந்தினால் எதிர்க்கயிற்றில் போய் மாட்டினேன். அதைவிட எனக்குப் புதிதாகத் தெரிந்தது வேறொன்று. பயம் மனசுக்கு வருவதற்கு முன்னால் கைக்கு வந்துவிடுகிறது. சுவர் இன்னும் இருபது மீட்டர் தள்ளி இருக்கிறது. என் கையோ முழுசாக நீளாமல் பாதியிலேயே மடங்கித் தண்ணீரைத் தடவுகிறது. முன்னால் ஏதோ இருக்கிறது, விரல் உடையப்போகிறது என்று உடம்பு சுருண்டுகொள்கிறது. அன்று முதல் பார்வையற்ற நீச்சல்காரர்களின் காணொளியைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அந்தக் கையைத்தான். கடைசி வீச்சுவரை அது முழு நீளத்துக்கு நீள்கிறதா? நீண்டால் அவர் தேர்ந்தவர்.

அந்தக் கை நீள்வதற்கான தைரியம் கரையிலிருந்து வருகிறது. குளத்தின் இரு முனையிலும் ஒவ்வொருவர் நிற்கிறார். கையில் நீளக் கழி. நுனியில் பஞ்சுபோன்ற உருளையோ டென்னிஸ் பந்தோ. டாப்பர் என்பார்கள். நீந்தி வருகிறவர் சுவரை நெருங்கும்போது தலையிலோ உடம்பிலோ ஒரு தட்டு. எஸ் 11 பிரிவில் டாப்பர் இல்லாமல் நீந்தவே முடியாது, விதி அப்படி.

சின்ன வேலைபோலத் தெரியும். விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அரை விநாடி பிசகினால் முக்கால் மீட்டர் பிசகும். தட்டு முந்தினால் கை நீட்டிக்கொண்டு சுவரைத் தேடி மிதக்க வேண்டும். பிந்தினால் விரலோ தலையோ சுவரில் மோதும். அதனால் டாப்பர் வீச்சை எண்ணுகிறார், கை தண்ணீரில் எங்கே இருக்கும்போது தட்டுவது என்று பார்க்கிறார். களைத்த உடம்புக்கு வீச்சு குட்டையாகும். கடைசி 50 மீட்டரில் பழைய கணக்கு உதவாது. கச்சேரியில் பாடகரின் மூச்சைப் பார்த்து எடுப்புக்கு இடம் கொடுக்கிற மிருதங்கக்காரரைத்தான் இதற்கு இணை சொல்லத் தோன்றுகிறது. தனக்கென்று ஒரு சொல்லும் வாசிக்காமல், அந்த ஒரு இடத்துக்காகக் காத்திருக்கிறவர்.

விதிப் புத்தகத்தில் என் மனசுக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. பாய்ந்ததிலோ திரும்பியதிலோ திசை மாறி ஒருவர் பக்கத்து லேனுக்குள் போய்விட்டால், டாப்பர் வாய்விட்டு வழி சொல்லலாம். ஆனால் முதலில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். மற்றவர்கள் தங்களுக்குச் சொல்வதாக நினைத்துக் குழம்பிவிடக் கூடாது. இருட்டில் எட்டுப் பேர் நீந்துகிற இடத்தில் பெயர்தான் விளக்கு.

நேராகப் போவதற்கும் ஒரு வித்தை. லேனின் நடுவில் போக முயலாமல் ஒரு பக்கக் கயிற்றை ஒட்டியே நீந்துகிறார்கள். கைப்புறம் மிதவையை மெல்ல உரசினால் போதும், திசை சரி. அழுந்த உரசினால் வேகம் போகும், தோல் போகும். பட்டர்ஃபிளையில் இது பெரும்பாடு. இரண்டு கையும் ஒரே நேரத்தில் விரிந்து வருகிறது; 2.5 மீட்டரில் இரு பக்கமும் மிஞ்சுவது முழங்கை அளவு இடம்தான்.

ஜப்பானின் கிமுரா கெய்ச்சி இந்த பட்டர்ஃபிளைக்குப் பேர்போனவர். இரண்டு வயதிலேயே பார்வை போய்விட்டது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் இரண்டு வெள்ளி, இரண்டு வெண்கலம். அந்த ரியோ பதக்கங்களை ஆட்டினால் சத்தம் வரும். உள்ளே சின்ன எஃகு உருண்டைகள், வெண்கலத்தில் 16, வெள்ளியில் 20, தங்கத்தில் 28. நான்கு பதக்கம் வாங்கியும் தங்கத்தின் சத்தம் அவருடையதாகவில்லை. பிறகு அமெரிக்கா போய்ப் பயிற்சி எடுத்து, 2021-ல் டோக்கியோவில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 2.57 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். இரண்டாவது வந்தவர் அதே நாட்டு டோமிட்டா உச்சு. பதின்வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை மங்கியவர். பட்டர்ஃபிளை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தவர் ஒருவர், பார்த்த நினைவே இல்லாதவர் மற்றவர். அடுத்தடுத்து வந்து சுவரைத் தொட்டார்கள். அந்த ஒரு நிமிடத்தை எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

காஞ்சனமாலா எதையுமே பார்த்ததில்லை. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நீச்சல் கற்கிற குழந்தைக்கு நாம் என்ன சொல்கிறோம்? 'இதோ பார், இப்படி.' அந்த வாக்கியமே உதவாத இடத்தில் பயிற்சி கையால் நடக்கிறது. பயிற்சியாளர் தோளைப் பிடித்துச் சுழற்றிக் காட்டுவார், காலைப் பிடித்து உதைக்கவைப்பார், தன் கையைத் தொட்டு உணரச் சொல்வார். பட்டர்ஃபிளையில் இடுப்பிலிருந்து கிளம்பும் அலை உடம்பு முழுக்க ஓடிப் பாதத்தில் முடிய வேண்டும்; தொட்டுத் தொட்டுத்தான் அதை வாங்கிக்கொள்ள முடியும். பள்ளிக் காலத்திலேயே தண்ணீரில் இறங்கியவர், நாக்பூரில் ரிசர்வ் வங்கி வேலையில் இருந்துகொண்டே இத்தனையையும் உடம்பில் ஏற்றிக்கொண்டார்.

2017 ஜூலையில் பெர்லினில் நடந்த பாரா நீச்சல் போட்டிக்குப் போனார். பயணத்துக்கு வரவேண்டிய அரசுப் பணம் நேரத்துக்குக் கைக்கு வரவில்லை. அந்நிய ஊரில் கடன் வாங்கிச் சமாளித்தார். டிராமில் டிக்கெட் இல்லை என்று அபராதம் வேறு. இதைப் படித்த அன்று எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை. அவர் வெள்ளி வாங்கினார், உலகப் போட்டிக்கும் தகுதி பெற்றார். அந்த ஆண்டு தகுதி பெற்ற ஒரே இந்தியப் பெண் அவர்தான்.

உலகப் போட்டி மெக்சிகோ சிட்டியில். செப்டம்பர் 19-ல் அங்கே பெரும் நிலநடுக்கம். போட்டி டிசம்பருக்குத் தள்ளிப்போனது. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், கொல்லிமலை உச்சியைவிட வெகு மேலே இருக்கிறது. காற்றில் பிராணவாயு குறைவு. அங்கே அவர் தங்கம் வென்றது 200 மீட்டர் மெட்லியில். நீச்சலில் ரசிகனுக்கு இதைவிட விருந்து கிடையாது: பட்டர்ஃபிளை, மல்லாந்த நீச்சல், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைல், ஒவ்வொன்றும் 50 மீட்டர்.

நான்கு நீச்சலுக்கு நான்கு தட்டு, ஒன்றுபோல் ஒன்று இல்லை. முதல் தட்டு விழும்போது இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டாக வேண்டும். பட்டர்ஃபிளையில் கை பாதி வீச்சில் இருந்தால் நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. இரண்டாவது, மல்லாந்து வரும்போது. பார்வையுள்ளவர்கள் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் தலைக்கு மேல் தொங்கும் கொடிகளைப் பார்த்து வீச்சை எண்ணித் தொடுவார்கள். இவருக்குக் கொடி கிடையாது. பின்மண்டை முன்னால் போக, முழு நம்பிக்கையும் அந்தக் கழியின் மேல். மூன்றாவது தட்டு மறுபடியும் இரு கைக்கு. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் தலை மேலே வந்து உள்ளே போகும் தாளத்துக்கு இடையில் விழ வேண்டும். நான்காவது, மூச்சு முழுக்கத் தீர்ந்துபோன நேரத்தில், முடிவுக்கு. அந்த மெல்லிய காற்றில் இந்த நான்கும் பொருந்தி வந்த நாள் அது. உலகப் பாரா நீச்சல் போட்டியில் ஓர் இந்தியர் வாங்கிய முதல் தங்கம்.

சுவரைத் தொட்டதும் மற்றப் பந்தயங்களில் எல்லாரும் திரும்பி மின்பலகையைப் பார்ப்பார்கள். எஸ் 11-ல் எட்டுத் தலைகள் அப்படியே சுவரோரம் நிற்கும், கறுப்புக் கண்ணாடியோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, மேலிருந்து ஒரு குரலை எதிர்பார்த்து. மெக்சிகோ சிட்டியில் அன்று காஞ்சனமாலாவுக்கு வந்த எண் ஒன்று.